செங்கல் சூளை முன்பணமும் 1976 சட்டமும்

கொத்தடிமைகளை மீட்கப் போனால் சூளை முதலாளி முதலில் நீட்டுவது ஒரு கணக்கு நோட்டு. முன்பணம் இவ்வளவு, அரிசிக்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு, பாக்கி இவ்வளவு. அதைப் பார்த்து 'கடனைக் கட்டிட்டுப் போகட்டும்' என்று பஞ்சாயத்து பேசுவது சட்டவிரோதம். 1976 கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியதும் கடன் கொடுத்தவர்தான் (பிரிவு 15), தொழிலாளி அல்ல.

மீட்ட கையோடு கோட்டாட்சியரிடம் விடுவிப்புச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். வாக்குமூலம் மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு குடும்பத்தைப் பஸ் ஏற்றிவிட்டால், அரசின் உடனடி உதவியான 30,000 ரூபாய் வரை பெறுவதும் சிக்கலாகும். அடுத்த சீசனுக்கு, சூளைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி மறுபடி முன்பணத்தோடு வாசலில் நிற்பார்.

முழு மறுவாழ்வுத் தொகையோ நீதிமன்ற நடவடிக்கையோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. வழக்கு இழுத்தால் பணமும் இழுக்கும். இந்த முடிச்சை அவிழ்த்தே ஆக வேண்டும்.