கிணற்றடிவரை

நவம்பர் 4, 2024, திங்கள்

புல் வெட்ட வந்த மிஷின்காரரைப் பாதியிலேயே அனுப்பிவிட்டேன். அரை நாள் கூலியைக் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் மேல் தப்பில்லை, கூப்பிட்டது நான்.

சத்தம் தொடங்கியதும் அப்பா இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்தார். விடவே இல்லை. "ந்தா, ந்தா" என்று வாசலையே பார்த்தார். அம்மா ஜன்னலைச் சாத்தினாள். சாத்தினாலும் கேட்கத்தான் செய்தது. நான் ஓடிப்போய் நிறுத்தச் சொல்வதற்குள் சுற்றுகிற நைலான் கயிறு எலுமிச்சைக் கன்றில் பட்டுவிட்டது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பட்டை சுற்றிலும் உரிந்து உள்ளே வெள்ளைக் கட்டை தெரிகிறது. கிழக்குப் பக்கம் மட்டும் ஒரு விரல் அகலம் பட்டை மிச்சம்.

போன ஆடியில் அப்பா வைத்த கன்று.

நவம்பர் 5, செவ்வாய்

சாணியும் செம்மண்ணும் குழைத்துக் காயத்தில் அப்பி, பழைய வேட்டித் துணியால் கட்டினேன். இலை வாடவில்லை.

நவம்பர் 6, புதன்

அப்பாவுக்கு வலது கையும் பேச்சும் விழுந்துபோய் இருபது நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டோம். அக்டோபர் 25 அன்று மதுரைத் தெருவெல்லாம் வெள்ளமாக ஓடியதை மாடி வராந்தாவில் நின்று பார்த்தேன். அந்த மழை இங்கேயும் பெய்திருக்கிறது. பார்க்க ஆள் இல்லாத தோட்டத்தில் புல் தன் இஷ்டத்துக்கு எழும்பிவிட்டது. திண்ணையை ஒட்டி அருகு. கிணற்றடியில் ஈரம் உள்ள இடமெல்லாம் கோரை. வேலியோரம் கொழுக்கட்டைப்புல் இடுப்பளவு நின்று கதிர்கூட விட்டுவிட்டது. நடுவே பார்த்தீனியம்.

பிசியோ தம்பி இன்று சொல்லிவிட்டார், வீட்டுக்குள்ளேயே நடந்தால் போதாது, வெளியே கூட்டிப் போங்கள் என்று. வெளியே என்றால் திண்ணையிலிருந்து கிணற்றடி. நாற்பது அடி இருக்கும். அப்பாவுக்கு அங்கேதான் போகணும். தினமும் காலையில் போய் உட்காருகிற கல் அங்கே இருக்கிறது. அம்மாவுக்கோ புல்லுக்குள் பூச்சி பட்டை இருக்குமே என்று பயம். பயம் நியாயம்தான். மழைக்குப் பிறகு கண்ணாடி விரியன் இந்தப் பக்கம் புதிதில்லை.

அப்பாவுடைய கருக்கரிவாள், வாயில் பல் வெட்டிய புல்லருவாள், மாட்டுக்கொட்டில் கூரையில் செருகியபடியே இருந்தது. மாடு போய் ஆறு வருஷம். பிடியில் கட்டைவிரல் பதிகிற இடம் குழிந்திருக்கிறது. என் கட்டைவிரல் அந்தக் குழிக்குள் முழுசாக அடங்கிவிடுகிறது.

நவம்பர் 7, வியாழன்

சூரசம்ஹாரம். அம்மா விரதம். கம்பால் தட்டித் தட்டி மூன்று அடி அறுத்தேன். தொடை இரண்டும் எரிகிறது.

நவம்பர் 8, வெள்ளி

கீழவீட்டு அத்தை வந்து, நான் அறுப்பதை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே வந்து அருவாளைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"வெட்டாத பாப்பா. அறு."

குத்தவைத்து உட்கார்ந்தார். இடது கை புல்லை அள்ளிப் பிடிக்கிறது, கட்டைவிரல் மேலே பார்த்தபடி. அருவாள் ஓங்குவதே இல்லை. புல்லின் அடியில் அணைத்து வைத்து, தன் பக்கமாக ஒரே இழுப்பு. சர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பிடித்த பிடி அப்படியே கையில் நிற்கிறது. அதைப் பின்னால் போட்டுவிட்டு, எழாமலே வாத்து மாதிரி ஒரு எட்டு நகர்கிறார். நான் இதுவரை விறகு வெட்டுகிற மாதிரி கொத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

தரையிலிருந்து நாலு விரல் விட்டு அறுக்கச் சொன்னார். ஒட்ட அறுத்தால் மண் பட்டு கருக்கு மழுங்கும். அடியோடு போனால் வெறும் தரையில் அடுத்த மழைக்குக் களைதான் முந்திக்கொண்டு வரும். நேரமும் சொன்னார்: பனி காய்வதற்கு முன்னால். ஈரத்தோடு நிற்கிற புல் விறைப்பாக இருந்து அருவாளுக்கு நின்று கொடுக்கும், வெயில் ஏறினால் துவண்டு மடங்கும். அறுத்த புல்லை அத்தை ஆடுகளுக்கு எடுத்துப்போகட்டும் என்று பேச்சு. பனிப்புல்லை அப்படியே போடமாட்டாராம், வெயிலில் உதறிவிட்டுத்தான்.

அப்பா திண்ணையில் நாற்காலியில் இருந்தார். அந்தச் சர்ர் சத்தத்துக்கு அவர் திரும்பியதை நான் பார்த்தேன்.

எலுமிச்சை பச்சையாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 10, ஞாயிறு

இடது ஆள்காட்டி விரலில் வெட்டு. வெட்டுக்காயப்பூண்டைக் கசக்கி அத்தை சாறு பிழிந்தார், ரத்தம் நின்றது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டி.டி. ஊசியும் போட்டுக்கொண்டேன். நாளைக்கு ஓய்வு கிடையாது, அறுக்கணும்.

நவம்பர் 11, திங்கள்

தம்பி ஓசூரிலிருந்து போன். மிஷின் ஒன்று வாங்கி அனுப்புகிறானாம், பெட்ரோலில் டூ-டி ஆயில் கலந்து ஊற்றினால் போதும், ரெண்டு மணி நேர வேலையக்கா என்கிறான். அவன் சொல்வது கணக்குப்படி சரி. நான் ஒரு காலைக்கு ஐந்தாறு அடிக்கு மேல் போகவில்லை. அப்பாவின் பிடியைப் பற்றி, கட்டில் சட்டத்தைப் பற்றி அவனுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் களைக்கொல்லி அடிக்கலாமா என்றான். கிணறு பக்கத்தில் இருக்குடா என்றேன். கிளைபோசேட் களைக்கொல்லியைப் பூச்சி ஒழிப்பு ஆட்கள் மட்டுமே அடிக்கணும் என்று 2022-லேயே மத்திய அரசு அறிவித்திருக்கிறது, அதையும் சொன்னேன்.

போனை வைத்த பிறகு வெகுநேரம் கோபமாக இருந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

நவம்பர் 13, புதன்

மூன்று மணிக்கு முழித்துக்கொண்டேன். எலுமிச்சை.

இலை வாடாததை வைத்து நம்பக் கூடாது. தண்ணீர் உள்கட்டை வழியாக மேலே ஏறுகிறது; கட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இலை தயாரிக்கிற உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்கவேண்டும். பட்டை முழுசாகப் போயிருந்தால் மேலே பச்சையாக இருக்கும்போதே கீழே வேர் பட்டினி கிடக்கும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட வெளியே தெரியாது. மிச்சம் இருப்பது அந்த ஒரு விரல் பட்டை. அது வழியாக எவ்வளவு இறங்கும்?

துணிக்கட்டை அவிழ்த்துப் பார்க்கலாமா என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். பார்க்காமல் வந்துவிட்டேன். நாலரைக்குப் பாசஞ்சர் போகிற சத்தம்.

நவம்பர் 14, வியாழன்

அப்பா கை நீட்டினார். "ந்தா." முதலில் தண்ணீர் என்று நினைத்தேன். தண்ணீர் இல்லை, அருவாள்.

முக்காலியைப் புல்லோரம் போட்டு உட்கார வைத்தேன். வலது கை மடியில் கிடந்தது. இடது கையில் கொடுத்தேன், புல்லை நான் பிடித்துக்கொண்டேன். இழுத்தார். புல் அறுபடாமல் மடங்கி வழுக்கியது. மறுபடி இழுத்தார். மறுபடி. நாலாவது தடவை அருவாளைப் புல்லிலேயே போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் கைக்குப் பலம் போதவில்லை என்றுதான் நினைத்தேன். மத்தியானம் நானே இடது கையால் அறுத்துப் பார்த்தேன், எனக்கும் வழுக்கியது. அப்போதுதான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கருக்கு ஒரு பக்கம்தான் வெட்டியிருக்கிறது! நகம் கீறின மாதிரி நெருக்கமான கோடுகள் ஒரு முகத்தில். மறு முகம் வழவழப்பு. வலது கைக்காக அடித்த அருவாள் இது. இடது கையில் முகம் மாறிப்போகிறது, வழவழப்பு புல்லில் போய் உட்காருகிறது.

பலம் இல்லாமல் இல்லை. அதை அவரிடம் போய் இரண்டு தடவை சொன்னேன்.

நவம்பர் 16, சனி

கார்த்திகை ஒன்று. உள்ளூர்ப் பட்டறை பூட்டிக் கிடக்கிறது.

நவம்பர் 18, திங்கள்

மாட்டுத்தாவணியில் மானாமதுரை பஸ் ஏறி திருப்பாச்சேத்தி. ஊர்ப் பேரைச் சொன்னாலே எல்லாரும் வீச்சரிவாளைத்தான் சொல்வார்கள். நான் போன பட்டறையில் சுவரோரம் சாத்தியிருந்ததெல்லாம் மண்வெட்டி, களைக்கொத்து, பாளை அருவாள். பேர், ஊர், போன் நம்பர் எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டார் ஆசாரி. புல்லறுக்கிற அருவாளுக்குமா என்று கேட்டேன். எல்லாத்துக்கும் எழுதிடுறதும்மா, பின்னால வம்பு வராது என்றார்.

இடக்கைக்கு வேண்டும் என்றதும் யாருக்கு என்று கேட்டார். அப்பாவுக்கு என்றேன். பிறவியிலேயே இடக்கையா? இல்லை என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. அப்பாவின் அருவாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கட்டைவிரல் குழியில் தன் விரலை வைத்துப் பார்த்தார்.

பழைய லாரி ஸ்பிரிங் பட்டாவில்தான் அடிக்கிறார். கருவேலங்கரி உலை. வேறு யாருக்கோ அடித்து வைத்திருந்த ஒன்றில் கருக்கு வெட்டிக் காட்டினார். பட்டடை மேல் அருவாளைப் படுக்க வைத்து, சின்ன உளியைச் சாய்த்துப் பிடித்து, டக் டக் டக் என்று ஒரே சீராக. ஒவ்வொரு தட்டுக்கும் உளி ஒரு மயிரிழை நகர்கிறது, கண்ணால் அளந்தே. கருக்கு வெட்டி முடித்த பிறகுதான் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ச்சல் போடுவாராம். முதலிலேயே தோய்த்தால் இரும்பு உளிக்கு இடம் கொடுக்காது. இடக்கைக்கு வேலை ஒன்றுதான், முகம்தான் வேறு என்றார். அடுத்த திங்கள் வரச்சொன்னார். முன்பணம் வாங்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அழுதேன்.

நவம்பர் 20, புதன்

ராத்திரி மழை. மண் இளகியிருந்தது. கையில் பிளாஸ்டிக் உறை கட்டிக்கொண்டு பார்த்தீனியத்தைப் பிடுங்கினேன், பூ விடுமுன். மிஷின் மேலோடு சீவினால் இது அடியிலிருந்து மறுபடி கிளைக்கும். கையால் இழுத்தால் வேரோடு வந்துவிடுகிறது. கோரை அப்படி வராது. ஒன்றைக் களைக்கொத்தால் தோண்டினேன்: கயிற்றில் கோத்த மணி மாதிரி கிழங்குக்குப் பின் கிழங்கு, கறுப்பாக, நாட்டு மருந்துக் கடை வாசனையோடு. ஒன்றை விட்டாலும் திரும்ப முளைக்கும். ஒரு முழம் இடத்தில் அரைச் சட்டி கிழங்கு எடுத்தேன்.

அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால் பசியில்லை என்கிறாள்.

நவம்பர் 21, வியாழன்

எலுமிச்சையில் இரண்டு இலை மஞ்சள்.

நவம்பர் 23, சனி

கிணற்றடி வந்துவிட்டது. அகலம் இரண்டு ஆள் போகிற அளவு. நாலுகால் ஊன்றுகோலோடு அப்பா, பின்னால் நான், பக்கத்தில் அம்மா. பாதி வழியில் நின்று, அறுத்த புல்லின் அடித்தாளை ஊன்றுகோலால் தட்டிப் பார்த்தார். ஒரு இடத்தில் நான் உயரமாக விட்டிருந்தேன். அங்கே இரண்டு தட்டு தட்டிவிட்டு என்னைப் பார்த்தார். சரிப்பா, நாளைக்குச் சரி பண்ணிடுறேன் என்றேன்.

கல்லில் உட்கார்ந்தார். வெயில் ஏறும்வரை எழுந்திருக்கவில்லை.

நவம்பர் 25, திங்கள்

அருவாள் வாங்கி வந்தேன். பஸ்ஸில் சாக்கில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். ஆபீஸிலிருந்து மூன்று மிஸ்டு கால். லீவு 30-ஆம் தேதிவரைதான்.

நவம்பர் 26, செவ்வாய்

காலை ஆறேகால், நல்ல பனி. புதுக் கருக்கில் புல் நிற்கவில்லை, முதல் இழுப்பிலேயே வந்தது. நான் பிடிக்க, அவர் அறுக்க, ஏழு பிடி. எட்டாவதில் நிறுத்திவிட்டு அருவாளை என்னிடம் நீட்டினார். "ந்தா." வலிக்கிறதா என்றேன், இல்லை. தண்ணீரா, இல்லை. பிடியைச் சுவரில் தேய்த்துத் தேய்த்துக் காட்டினார். பிடி தடிப்பாம். பழைய அருவாளை எடுத்து வரச்சொல்லி இரண்டையும் சேர்த்துக் காட்டினார்.

உடைந்த பாட்டில் கண்ணாடியால் சீவிக்கொண்டிருக்கிறேன். வேப்பமரம், மெதுவாகத்தான் இறங்குகிறது. இடது கட்டைவிரல் எங்கே பதியும் என்று நாளைக்கு அவர் கையில் கொடுத்துக் கரியால் குறித்துக்கொள்ளணும்.