டான் ரோஜர்ஸ்: மூன்றாம் டிவிஷனில் ஒரு லெஃப்ட் விங்கர்

நான் குடியிருக்கும் ஸ்விண்டன், ரயில் பட்டறையால் வளர்ந்த ஊர். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் எஞ்சின்கள் இங்கேதான் செய்யப்பட்டன. 1986-ல் பட்டறையை மூடிவிட்டார்கள். இன்று வெளியூர்க்காரர்களிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால், ஐந்து குட்டி ரவுண்டானாக்கள் சுற்றி நிற்கும் மேஜிக் ரவுண்டபவுட்டைத்தான் கேட்பார்கள். அதை ஒட்டியே கவுண்டி கிரவுண்ட் மைதானம் இருக்கிறது. அங்கே தெற்குப் பக்க ஸ்டாண்டுக்கு டான் ரோஜர்ஸ் என்று பெயர். இங்கிலாந்து சீனியர் கால்பந்து அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடாதவர், தன் உச்சக் காலத்தை, முதல் டிவிஷனுக்குக் கீழே இருந்த இரண்டாம், மூன்றாம் டிவிஷனில் கழித்தவர். நான் பார்த்த, படித்த விங்கர்களில், அதாவது கோட்டோரம் ஓடித் தாக்குபவர்களில், எனக்கு மிகப் பிடித்தவர் அவர்தான்.

சின்ன வயதில் வடசென்னையில் நானும் லெஃப்ட் விங் ஆடியவன். அந்த இடத்தின் கஷ்டம் அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். பந்து உங்களிடம் வரவே வராது. பத்து நிமிடம் கோட்டோரம் சும்மா நிற்க வேண்டும். வந்ததும் எதிரணியின் தற்காப்பு ஆட்டக்காரன், ஃபுல்பேக், நம் காலைத்தான் குறிவைப்பான். ஒரு பக்கம் கோடு, இன்னொரு பக்கம் அவன். அந்தச் சின்ன இடைவெளியில் என்ன செய்கிறோம் என்பதுதான் விங்கரின் மொத்த வேலை.

ரோஜர்ஸ் 1945-ல் சாமர்செட்டில் பால்டன் என்ற ஊரில் பிறந்தவர். 1962-ல், 17 வயதில், மேனேஜர் பெர்ட் ஹெட் அவரை ஸ்விண்டன் முதல் அணியில் இறக்கினார். ஹெட்டுக்குச் சின்னப் பையன்களை நம்பி ஆடவிடும் துணிச்சல் இருந்தது. மைக் சம்மர்பீ, எர்னி ஹன்ட் எல்லாம் அந்த அணியில் வளர்ந்தவர்கள்தான். ரோஜர்ஸுக்குப் பின்னால் லெஃப்ட் பேக் ஜான் ட்ரோலப். ஒரே கிளப்புக்காக 770 லீக் ஆட்டங்கள் ஆடிய மனிதர் அவர். பின்னால் அப்படி ஒருவர் காவல் நின்றால் எந்த விங்கரும் தைரியமாக முன்னால் ஓடலாம். இந்த ஜோடியைப் பற்றி யாரும் போதுமான அளவு எழுதவில்லை என்பது என் குறை.

1964-ல் இளைஞர் அணிகளுக்கான எஃப்.ஏ. யூத் கப் இறுதி ஆட்டம். ஸ்விண்டன் பையன்களுக்கு எதிரே மான்செஸ்டர் யுனைடெட். முதல் ஆட்டம் கவுண்டி கிரவுண்டில் 1-1. ஸ்விண்டனுக்கு ரோஜர்ஸ், யுனைடெட்டுக்கு ஜார்ஜ் பெஸ்ட் என்று ஆளுக்கொரு கோல். ஓல்ட் டிராஃபோர்டில் யுனைடெட் 4-1 என்று வென்று கோப்பையை எடுத்துக்கொண்டது. அன்று ஒரே புல்லில் நின்ற இருவரில் பெஸ்டை உலகமே அறியும். மற்றவருக்கு மறு வருஷம் கிடைத்தது மூன்றாம் டிவிஷன். 1965-ல் ஸ்விண்டன் கீழே இறங்கியது. சம்மர்பீ மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார், ஹன்ட் வுல்வ்ஸுக்குப் போனார். ரோஜர்ஸ் மட்டும் தங்கிவிட்டார்.

இதை விசுவாசம் என்று சொல்லிக் கண்ணீர் விடுபவர்கள் இங்கே நிறைய. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. அந்தக் காலத்தில் ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரரின் பதிவு கிளப்பின் கையில்தான் இருக்கும். 1963-ல் ஜார்ஜ் ஈஸ்டம் என்ற ஆட்டக்காரர் போட்ட வழக்கில் நீதிமன்றம் அந்த முறையைக் கொஞ்சம் தளர்த்தியது, அவ்வளவுதான். ஒப்பந்தம் முடிந்ததும் விரும்பிய இடத்துக்குப் போகும் உரிமை 1978-ல்தான் வந்தது. ஆகவே கிளப் விடாமல் ஒருவர் போய்விட முடியாது. அவருக்கு இந்த ஊர் பிடித்திருந்தது என்பதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் முடிவு அவர் ஒருவரிடம் மட்டும் இல்லை.

சரி, 1969-க்கு வருவோம். மார்ச் 15, வெம்ப்ளி, லீக் கப் இறுதி ஆட்டம். மூன்றாம் டிவிஷன் ஸ்விண்டனும் முதல் டிவிஷன் ஆர்சனலும். இறுதிக்கு வரவே பர்ன்லியோடு மூன்று தடவை மோத வேண்டியிருந்தது. ஆர்சனல் பக்கம் கோலில் பாப் வில்சன், நடுவில் ஃபிராங்க் மெக்லின்டாக். இரண்டே வருஷத்தில் லீக்கையும் எஃப்.ஏ. கப்பையும் சேர்த்து வெல்லப் போகும் அணியின் ஆட்கள் இவர்கள். பார்க்க வந்த கூட்டம் 98,000.

மைதானம் சேறு. அதற்கு முன்னால் அங்கே குதிரைப் போட்டி நடத்தியிருந்தார்கள், அதன் மேல் மழை வேறு. ஆர்சனல் ஆட்களை ஃப்ளூ காய்ச்சல் வாட்டியிருந்தது. இந்த இரண்டையும் காரணம் காட்டி இன்றுவரை அந்த வெற்றியைக் குறைத்துப் பேசுகிறார்கள். சேறு இரண்டு பேருக்கும் ஒரே சேறுதானே. சொல்லப்போனால் பந்தைக் காலோடு ஒட்டி ஓட்டுகிறவனுக்குத்தான் சேறு முதல் எதிரி. தள்ளிய பந்து உருளாமல் நின்றுவிடும், நாம் அதைத் தாண்டிப் போய்விடுவோம்.

வில்சனுக்கும் ஆர்சனல் தற்காப்பு ஆட்டக்காரர் இயான் யூருக்கும் நடந்த குழப்பத்தில் ஸ்விண்டனின் ரோஜர் ஸ்மார்ட் முதல் கோலைப் போட்டார். அதன் பிறகு ஸ்விண்டன் கோல்கீப்பர் பீட்டர் டவுன்ஸ்பரோ வந்த பந்தையெல்லாம் தடுத்துக்கொண்டே இருந்தார். ஆட்டம் முடிய நாலைந்து நிமிடம் இருக்கையில் அவர் உதைத்த பந்து ஆர்சனலின் பாபி கூல்ட் மேல் பட்டுத் திரும்ப, கூல்ட் தலையால் முட்டி உள்ளே தள்ளிவிட்டார். 1-1. கூடுதல் நேரம். பெரிய அணி மூச்சு வாங்கிக்கொண்டு சின்ன அணியை நசுக்கும் என்று எல்லோரும் எதிர்பார்க்கும் கட்டம் அது.

கூடுதல் நேரத்தின் முதல் பாதி முடியப் போகிறது. கார்னரைத் தொடர்ந்து பெட்டிக்குள் ஒரே நெரிசல். அதில் பந்தை அடக்கி, அவசரப்படாமல் அடித்தார் ரோஜர்ஸ். 2-1.

ரோஜர்ஸின் இரண்டாவது கோல்தான் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது. கடைசி நிமிடம். சமன் செய்ய ஆர்சனல் மொத்தமும் முன்னால் ஏறிவிட்டது. நடுக்கோட்டின் பக்கம் பந்து ரோஜர்ஸுக்கு வருகிறது. முன்னால் வெறும் மைதானம், அதன் முடிவில் வில்சன். 120 நிமிடம் சேற்றில் உழன்ற கால்கள். அவர் பந்தை நீளமாகத் தள்ளிவிட்டுத் துரத்தவில்லை, கிட்டக் கிட்டவே வைத்துக்கொண்டு ஓடுகிறார். வில்சன் கோலை விட்டு வெளியே வருகிறார். இந்த இடத்தில் ரோஜர்ஸின் உடம்பைக் கவனியுங்கள். ஒரு பக்கம் போவது போல் லேசாகச் சாய்கிறார். வில்சன் அதை நம்பிவிட்டார். அடுத்த நொடி இவர் மறுபக்கம் சுற்றிப் போய் பந்தைக் காலி கோலுக்குள் தட்டிவிடுகிறார். 3-1. அதே சீசனில் ஸ்விண்டன் இரண்டாம் டிவிஷனுக்கும் ஏறியது.

லீக் கப்பை வென்ற கிளப்புக்கு ஐரோப்பாவில் ஃபேர்ஸ் கப்பில் இடம் கிடைக்க வேண்டும். மூன்றாம் டிவிஷன் கிளப் என்பதால் மறுத்துவிட்டார்கள். அதற்கு ஈடாக இத்தாலியக் கோப்பையை வென்ற ரோமாவோடு இரண்டு ஆட்டங்கள் ஏற்பாடு செய்தார்கள். ரோமில் 2-1 என்று தோற்ற ஸ்விண்டன், கவுண்டி கிரவுண்டில் 4-0 என்று வென்றது. 1970-ல் ஆங்கிலோ இத்தாலியன் கப் இறுதியில் நேப்பிள்ஸுக்கே போய் நப்போலிக்கு எதிராக 3-0 முன்னிலையில் இருந்தபோது, உள்ளூர் ரசிகர்களின் ரகளையால் ஆட்டத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. கோப்பை ஸ்விண்டனுக்குத்தான்.

இவ்வளவும் நடந்த பிறகும் இங்கிலாந்து சீனியர் அணி அவரைக் கூப்பிடவில்லை. 23 வயதுக்கு உட்பட்டோர் அணியோடு சரி. கீழ் டிவிஷன் என்பது மட்டும் இதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. 1966 உலகக் கோப்பையில் இங்கிலாந்து மேனேஜர் ஆல்ஃப் ராம்சே, கானலி, பெய்ன், கேலகன் என்று மூன்று விங்கர்களை ஆளுக்கொரு ஆட்டம் இறக்கிப் பார்த்தார். கால் இறுதியிலிருந்து விங்கரே இல்லாமல் ஆடிக் கோப்பையை வென்றார். அதற்குப் பிறகு கோட்டோரம் நிற்பவர்களுக்கு அந்த அணியில் மதிப்பே குறைந்துவிட்டது. தப்பான காலத்தில் சரியான இடத்தில் நின்றவர் ரோஜர்ஸ்.

1972-ல் முதல் டிவிஷனுக்குப் போனார். 147,000 பவுண்டுக்கு வாங்கியது கிரிஸ்டல் பேலஸ், அங்கே மேனேஜர் அதே பெர்ட் ஹெட். டிசம்பர் 16-ல் பேலஸ் மான்செஸ்டர் யுனைடெட்டை 5-0 என்று அடித்தது. அதில் ரோஜர்ஸுக்கு இரண்டு கோல். சில நாளில் யுனைடெட் மேனேஜர் ஃபிராங்க் ஓஃபாரல் வேலையை இழந்தார். ஆனாலும் அந்த சீசனில் பேலஸ் ஒரு டிவிஷன் கீழே இறங்கியது, மறு சீசனிலும் இறங்கியது. 27 வயதில் மேலே வந்த மனிதருக்கு இரண்டே வருஷத்தில் மறுபடி மூன்றாம் டிவிஷன்! 1974-ல் டெரி வெனபிள்ஸ், இயான் எவன்ஸ் இருவரையும் பேலஸுக்குக் கொடுத்து கியூபிஆர் கிளப் ரோஜர்ஸை எடுத்துக்கொண்டது. அங்கே பெரிதாக ஒன்றும் அமையவில்லை. 1976-ல் ஸ்விண்டனுக்கே திரும்பினார். இடுப்பு ஒத்துழைக்காமல் 1977-ல் ஆட்டத்தை விட்டார். ஊரிலேயே விளையாட்டுச் சாமான் கடை நடத்தினார்.

ஞாயிறு காலைகளில் இங்கே சில பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அந்த இரண்டாவது கோலை அவர்களுக்குப் போட்டுக் காட்டினால் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: முன்னாடியே அடித்திருக்கலாமே, எதற்கு அவ்வளவு கிட்டப் போனார்? போன வாரம் அவர்களை வரிசையாக நிறுத்தி, கோல்கீப்பருக்கு எதிரே தனியாக ஓடவிட்டேன். முக்கால்வாசிப் பேர் தூரத்திலிருந்தே பதறி அடித்து அவன் கையிலேயே கொடுத்தார்கள். எங்கள் லெஃப்ட் விங் பையன் ஒருவன் மட்டும் கடைசி வரை போனான். சாய்ந்தான், கோல்கீப்பரும் சாய்ந்தான், பந்து காலில் சிக்கி வெளியே போய்விட்டது. வரும் ஞாயிறு அவனை இன்னும் இருபது தடவை ஓடவிடப் போகிறேன்.