ஒரேஞ்சு இளவரசரும் தோடம்பழமும்: வரலாறு எடுக்கும் வன்னிப் பிள்ளைகளுக்கு

உயர்தரத்தில் வரலாறு படித்த காலத்தில் எனக்கு அதிகம் கைகொடுத்தது, பாடத்தில் தட்டுப்படும் விநோதமான பெயரை விடாமல் துருவுவது. இலங்கையில் ஒல்லாந்தர் ஆட்சி முடிகிற பகுதியில் ‘ஒரேஞ்சு இளவரசர்’ என்று ஒருவர் வருவார். ஒட்டுசுட்டானில் எங்கள் ரியூசன் கொட்டிலில் யாராவது ‘தோடம்பழ ராசா’ என்று சிரிக்காமல் அந்தப் பாடம் முடியாது. சிரியுங்கள், ஆனால் அந்தப் பெயரைத் துருவினால் அரைவாசிப் பாடம் கைக்கு வந்துவிடும்.

தோடம்பழத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள ‘ஒரேஞ்சு’ என்ற பெயர் எங்கள் பக்கத்திலிருந்து போனது. நாங்கள் ஊறுகாய் போடுகிற நாரத்தையின் உறவுதான் சமஸ்கிருத ‘நாரங்க’. அது பாரசீகத்தில் ‘நாரங்’, அரபில் ‘நாரஞ்’ ஆகி, பிரெஞ்சுக்குப் போன வழியில் முன்னால் இருந்த ‘ந’ உதிர்ந்தது. மூலம் திராவிடச் சொல் என்பது மொழியியலாளர் பலரின் கருத்து.

அரச குடும்பத்தின் பெயருக்கும் பழத்துக்கும் பிறப்பில் ஒரு தொடர்பும் இல்லை. தென் பிரான்சில் உரோமர் காலத்தில் அரௌசியோ எனப்பட்ட ஊர், பேச்சில் தேய்ந்து ஒரேஞ்சு ஆனது. 1544இல் அந்தச் சிற்றரசு நசாவ் குடும்பத்து வில்லியத்துக்கு முதுசமாக வந்தது. பிறகு ஒலி ஒத்துப்போனதால் செம்மஞ்சள் அந்தக் குடும்பத்தின் நிறமாகியது. நெதர்லாந்து உதைபந்தாட்ட அணியின் சட்டையில் இன்றும் அதுதான். வேடிக்கை என்னவென்றால், ஒல்லாந்த மொழியில் பழத்துக்குப் பெயர் வேறு: ‘சினாஸ்அப்பல்’, அதாவது சீன அப்பிள்.

இனிப் பரீட்சைக்கு வேண்டியது. 1795 தொடக்கத்தில் பிரெஞ்சுப் படை நெதர்லாந்துக்குள் புகுந்தது. பாடத்தில் வரும் ஒரேஞ்சு இளவரசரான ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்குத் தப்பிப்போய், கியூ என்ற இடத்திலிருந்து குடியேற்ற நாடுகளின் ஆளுநர்களுக்கு ஆங்கிலப் படையை உள்ளே விடும்படி எழுதினார். அவைதான் கியூ கடிதங்கள். கடிதம் வந்தது, கோட்டைக் கதவு திறந்தது என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். திருகோணமலையை ஆங்கிலேயர் தாக்கித்தான் பிடித்தார்கள். அதே ஆண்டில் யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, மன்னார் போயின. 1796 பெப்ரவரியில் கொழும்பு.

முல்லைத்தீவுப் பிள்ளைகள் இந்த இடத்தைப் பாய்ந்து போகக்கூடாது. 1803இல் வன்னியின் தலைவன் பண்டாரவன்னியன் தாக்கிய முல்லைத்தீவுக் கோட்டை ஏன் ஆங்கிலேயரிடம் இருந்தது என்று கேட்டால், பதில் எட்டு வருடம் முந்திய இந்தக் கைமாற்றத்தில் இருக்கிறது. 1803 ஒக்டோபர் 31இல் ஆங்கிலேயரின் கப்டன் வொன் ட்றிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததைச் சொல்லும் கல் நடப்பட்டது எங்கள் கற்சிலைமடுவில்தான். இரண்டு பாடத்தையும் ஒரே கொப்பியில், அடுத்தடுத்த பக்கத்தில் எழுதி வைத்தேன். காரணகாரியம் கேட்கும் கட்டுரை வினாவுக்கு அது நன்றாக உதவியது.

ஆங்கிலப் புத்தகம் பார்ப்பவர்களுக்கு: வசனத்தின் நடுவில் அந்தச் சொல் பெரிய எழுத்தில் தொடங்கினால் ஊர் அல்லது வம்சம், சிறிய எழுத்தென்றால் பழம், இல்லாவிட்டால் நிறம். தமிழில் அந்த வசதி இல்லை. ஆகவே வெறுமனே ‘ஒரேஞ்சு’ என்று விடாமல் ‘ஒரேஞ்சு வம்சம்’ என்றே எழுதுங்கள். புவியியலில் வரும் தென்னாபிரிக்க ஒரேஞ்சு ஆறும் இந்த வம்சத்தின் பெயர்தான், தண்ணீரின் நிறமல்ல.

வில்லியத்தின் இலக்கத்தையும் விடவேண்டாம். 1689இல் இங்கிலாந்தின் அரசரான மூன்றாம் வில்லியமும் ஒரேஞ்சுக்காரர்தான். கியூ கடிதம் எழுதிய ஐந்தாமவரை ‘ஒல்லாந்து அரசர்’ என்று எழுதினால் பிழை. அவருடைய பதவி ஸ்டட்ஹோல்டர், அதாவது முடி சூடாத ஆட்சித் தலைவர். அந்தக் குடும்பம் நெதர்லாந்தில் முடி சூடியது 1815இல், அவருடைய மகன் காலத்தில்.