பௌன் தெருக் குறிப்புகள்

நவம்பர் 1, 2024, வெள்ளி

நியூயார்க் நகரப் பொதுப் பள்ளிகளுக்கு இன்று தீபாவளி விடுமுறை. இதுதான் முதல் தடவை. போன நவம்பரில் ஆளுநர் ஹோக்குல் சட்டத்தில் கையெழுத்திட்டார்; அந்த வருஷத் தீபாவளி அதற்குள் ஞாயிற்றுக்கிழமையோடு போய்விட்டது. நமக்குப் பண்டிகை நேற்றே முடிந்தது. இருந்தாலும் மகள் சாவகாசமாக எழுந்து, மிச்சமிருந்த அதிரசத்தைத் தின்றுகொண்டே, "இன்னைக்கு என் கிளாஸ்ல எல்லாருக்கும் லீவும்மா, நம்மளால" என்றாள். அந்தப் பெருமிதம் எனக்குப் பிடித்திருந்தது.

வாட்ஸ்அப் குழுவில் காலையிலிருந்து ஒரே வாழ்த்து. சட்டமன்ற உறுப்பினர் ஜெனிஃபர் ராஜ்குமார் இதற்காக நிறைய உழைத்தார், உண்மை. ஆனால் இந்த வழியை நமக்கு முன்னால் வெட்டியவர்கள் வேறு. யூதப் புத்தாண்டுக்கு இங்கே பள்ளிகள் மூடுவது பழைய வழக்கம். அதற்கப்புறம் முஸ்லிம் பெற்றோர்கள் வருஷக்கணக்கில் நடையாய் நடந்து, 2015இல் இரண்டு பெருநாள்களுக்கும் விடுமுறை வாங்கினார்கள். பண்டிகையா பரீட்சையா என்று ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள் என்பது அவர்களுடைய வாதம். நாமும் அதையேதான் சொன்னோம். இதைக் குழுவில் எழுதினேன். இரண்டு பேர் கைகூப்பினார்கள், மற்றவர்கள் அடுத்த பட்டாசுப் படத்துக்குப் போய்விட்டார்கள்.

நவம்பர் 26, செவ்வாய்

நன்றி நவிலும் நாளையொட்டிச் சர்வமத வழிபாடு. பாதிரியார், யூத குருவான ரபி, இமாம், நம் குருக்கள் என்று வரிசையாக ஆளுக்கு ஐந்து நிமிஷம். நல்ல வார்த்தைகள்தான். பிறகு கீழ்த்தளத்தில் எல்லாச் சபைக்காரர்களும் சேர்ந்து இலவச உணவுப் பைகள் கட்டினோம். ஒரு குருத்வாரா பெரியவர் எனக்கு வெங்காய மூட்டை பிரிக்கக் கற்றுக்கொடுத்தார். பேச்சு வளர்ந்தது அங்கேதான்.

டிசம்பர் 25, புதன்

இன்று கிறிஸ்துமஸ். யூதர்களின் ஹனுக்காவும் இன்று மாலைதான் தொடங்குகிறது. எங்கள் குடும்பத்துக்கு இது பொருத்தமாகவே வந்தது, ஏனென்றால் அண்ணன் மகளுக்குப் பார்த்திருக்கும், இல்லை, அவளே பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை யூதப் பையன்.

கும்பகோணத்திலிருந்து பெரியப்பா வந்திருக்கிறார். தேதி பிடிப்பதே பெரும்பாடு. மார்கழியில் நமக்குக் கல்யாணம் கிடையாது. அவர்களுக்கு சனிக்கிழமை ஓய்வுநாள், சூரியன் மறையும்வரை திருமணம் செய்யமாட்டார்கள். தையில் ஒரு ஞாயிறு என்று முடிவாயிற்று. பையன் வீட்டு ரபி யூத மதத்தில் மரபைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும் கன்சர்வேட்டிவ் பிரிவைச் சேர்ந்தவர். அந்தப் பிரிவின் விதிப்படி கலப்பு மணத்தை அவர் நடத்தி வைக்க முடியாது. இன்னும் தாராளமான ரிஃபார்ம் பிரிவில் ஒரு பெண் ரபி ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பெரியப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் மாப்பிள்ளை காலால் கண்ணாடிக் குவளையை உடைப்பான் என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "மணமேடையில கண்ணாடி உடைக்கிறதா? என்னம்மா அபசகுனம் இது!"

டிசம்பர் 27, வெள்ளி

இந்தத் தேதியை நான் எப்போதும் குறித்துக்கொள்வேன்.

1657 டிசம்பர் 27. அப்போது இந்த ஊர் டச்சு ஆட்சியில் இருந்தது. ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட், குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரை யாரும் வீட்டில் சேர்க்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். இப்போது நாங்கள் இருக்கும் ஃப்ளஷிங்கில் 30 பேர் கூடி, அந்த உத்தரவுக்குக் கீழ்ப்படிய முடியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அன்பும் சமாதானமும் சுதந்திரமும் யூதருக்கும் துருக்கியருக்கும்கூட (அன்றைய பேச்சில் முஸ்லிம்கள்) உரியவை என்று அந்த மனு சொல்கிறது. கையெழுத்திட்டவர்கள் யாரும் குவேக்கர்கள் இல்லை. தங்களுக்கு ஒரு லாபமும் இல்லாத விஷயத்துக்காக எழுதினார்கள். எழுத்தர் எட்வர்ட் ஹார்ட்டைச் சிறையில் போட்டார்கள். ஷெரீஃபாக இருந்த டோபையாஸ் ஃபீக்குக்குப் பதவி போயிற்று.

அதோடு முடியவில்லை. 1662இல் ஜான் பௌன் தன் வீட்டில் குவேக்கர் கூட்டம் நடத்தியதற்காகக் கைதானார். அபராதம் கட்ட மறுத்தார், நாடு கடத்தப்பட்டார், ஆம்ஸ்டர்டாமில், இந்த ஊரை ஆண்ட டச்சு மேற்கிந்தியக் கம்பெனியிடமே போய் வாதாடினார். 1663இல் கம்பெனி ஸ்டைவசன்டுக்கு எழுதியது: அவரவர் மனச்சாட்சியில் தலையிடாதே.

அந்த பௌன் வீடு இன்னும் நிற்கிறது. அவர் பெயர் வைத்த தெருவில்தான் நம் பிள்ளையார் கோயிலும் இருக்கிறது. ஐ.நா.வில் வேலை பார்த்த அழகப்பா அழகப்பனும் நண்பர்களும் சேர்ந்து தொடங்கியது. முன்பு ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் இருந்த மனை. 1977 ஜூலை 4 அன்று கும்பாபிஷேகம். வீட்டிலிருந்து கோயில் வரைக்கும் நடந்தால் கொரியக் கிறிஸ்தவர்களின் சபை வரும். பக்கத்துத் தெருவில் குருத்வாரா, சற்றுத் தள்ளி ஜெரேனியம் அவென்யூவில் மசூதி. இவர்களில் பெரும்பாலோரை இங்கே கொண்டுவந்தது 1965இன் குடியேற்றச் சட்டம். வந்தவர்கள் கூரை போட்டுக் கும்பிட முடிந்ததற்கு அந்த 30 கையெழுத்துகளுக்கும் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

அந்த மனுவின் மூல ஆவணம் மாநிலத் தலைநகர் ஆல்பனியில் இருக்கிறது. 1911 தீ விபத்தில் ஓரங்கள் கருகிவிட்டன.

பிப்ரவரி 2, 2025, ஞாயிறு

கல்யாணம் முடிந்தது! நியூ ஜெர்சி மண்டபத்தில் காலையில் நாதஸ்வரம், பிறகு அதே மணமேடைக்கு மேல் யூத முறைப்படி வெள்ளைத் துணிப் பந்தல். முந்தின நாள் ரபி பெரியப்பாவிடம் தனியாக உட்கார்ந்து பேசினார். ஜெருசலேமில் ரோமர்கள் இடித்த கோயிலை எங்கள் மிகப் பெரிய சந்தோஷத்திலும் மறப்பதில்லை, கண்ணாடியை உடைப்பது அதற்காக என்று சொன்னார். அண்ணன் தமிழில் சொல்லச் சொல்ல, பெரியப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். "ரெண்டாயிரம் வருஷமாவா? சரி. தாலி கட்டி முடிஞ்சப்புறம் உடைக்கட்டும்" என்றார். அப்படியே நடந்தது. உடைந்த சத்தத்துக்கு அவர்கள் "மஸல் டோவ்" (வாழ்த்துகள்) என்று கத்த, நம் பக்கத்து இளசுகளும் கத்தின.

2010க்குப் பிறகான ஐந்தாண்டுகளில் மணமான அமெரிக்கர்களில் 39% பேரின் துணை வேறு சமயப் பிரிவைச் சேர்ந்தவர் என்றும், 1960க்கு முன் மணந்தவர்களில் இது 19% என்றும் பியூ ஆய்வு மையம் சொல்லியிருக்கிறது. அரசியல் அறிவியலாளர்கள் ராபர்ட் புட்னமும் டேவிட் கேம்ப்பெலும் ஒரே ஆட்களை ஓராண்டு இடைவெளியில் இருமுறை பேட்டி எடுத்துப் பார்த்ததில், வேறு மதத்தில் புதிதாக ஒரு நண்பர் கிடைத்தவர்களுக்கு மற்ற மதங்கள் மேலும் மனம் இளகியிருந்தது. பெரியப்பாவை அவர்கள் சந்தித்ததில்லை. பிள்ளைகள் எந்த மதத்தில் வளரும் என்று அவர் மட்டும்தான் நேரடியாகக் கேட்டார். "ரெண்டும் தாத்தா" என்றாள் பெண். அது எப்படி நடக்கும் என்று எனக்கும் கவலை இருக்கிறது.

பிப்ரவரி 27, வியாழன்

பியூ மையத்தின் புதிய கணக்கு நேற்று வந்தது. அமெரிக்காவில் வயதுவந்தோரில் கிறிஸ்தவர்கள் 62%, 2007இல் 78%. எந்த மதமும் சாராதவர்கள் 29%. மற்ற எல்லா மதத்தினரும் சேர்ந்தே 7% சொச்சம், அதில் இந்துக்கள் ஏறத்தாழ 1%. ஃப்ளஷிங்கில் இருந்துகொண்டு பார்த்தால் நாம் நிறைய இருப்பதாகத் தோன்றிவிடுகிறது.

"கிறிஸ்தவம் சரிகிறது" என்று குழுவில் ஒருவர் மகிழ்ந்து எழுதியதைப் படித்து மனம் கசந்தது. போன நவம்பரில் நாங்கள் பை கட்டிய அந்தக் கீழ்த்தளம் ஒரு சர்ச்சுடையது.

மார்ச் 15, சனி

ரமலான் மாதம். லாங் ஐலண்டில் தோழி இருக்கும் ஊரில், பழைய கட்டடம் ஒன்றை மசூதியாக்க அனுமதி கேட்டிருக்கிறார்கள். எதிர்ப்புக் கடிதங்களில் மதம் என்ற பேச்சே இல்லை. போக்குவரத்து நெரிசல், பார்க்கிங், சத்தம், அவ்வளவுதான். இந்த வாக்கியங்கள் நமக்கும் பழக்கம். கோயில் கட்டிய ஒவ்வொரு ஊரிலும் நம் பெரியவர்கள் இவற்றுக்குப் பதில் சொல்லிக் களைத்தவர்கள்.

நியூ ஜெர்சியின் பாஸ்கிங் ரிட்ஜில் ஒரு மசூதிக்கு 39 விசாரணைக் கூட்டங்கள் நடத்தி 2015இல் மறுத்தார்கள். சர்ச்சுக்குக் கேட்டதைவிட அதிக பார்க்கிங் இடம் கேட்டதுதான் வழக்கின் மையம். வழிபாட்டிடங்களைக் காக்கும் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மத்திய அரசும் வழக்குப் போட, 2017இல் ஊராட்சி 32.5 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்தது. அந்த வழக்கில் யூதர்களும் சீக்கியர்களும் மசூதிக்கு ஆதரவாக மனுப் போட்டார்கள். பழமைவாதக் கிறிஸ்தவர்களின் தெற்கு பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்த அமைப்பு ஒன்றும் சேர்ந்துகொண்டு, சொந்த ஆட்களிடமே திட்டு வாங்கியது.

குழுவில் ஆதரவுக் கடிதத்தைப் போட்டேன். "நமக்கு எதுக்கு இந்த வம்பு?" என்று கேட்டார்கள். "நாளைக்கு நமக்காக அவங்க வருவாங்களா?" என்றார் ஒருவர். வரலாம், வராமலும் போகலாம். வருவார்களா என்று பார்த்துவிட்டு எழுதப்பட்டதில்லை 1657 மனு. இதுவரை ஒன்பது கையெழுத்து வந்திருக்கிறது. பெரியப்பா விசிட்டர் விசாவில் இருப்பதால் போட முடியாது என்று வருத்தப்பட்டார்.

விசாரணை செவ்வாய் மாலை 7 மணிக்கு. நோன்பு திறக்கும் நேரமும் அதேதான். பேரீச்சம்பழமும் தண்ணீரும் நான் கொண்டுபோகிறேன், தோழி வடை சுடுகிறாள். பேச ஆளுக்கு மூன்று நிமிஷம் தருவார்கள். அந்த ஊரில் குடியிருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் நேரில் வாருங்கள், குடியிருப்பவரின் பேச்சுக்குத்தான் பலம் அதிகம். என் காரில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.