தெருமூடி மடமும் சுமைதாங்கியும்

1838 இல் மெதடிஸ்த மிஷனரிமார் தொடக்கிய நமது ஹாட்லிக் கல்லூரியின் சிறப்பை நம் பழைய மாணவர் சங்கத்தின் மலர்தோறும் பலர் எழுதிவருவதால், அதன் மதிலுக்கு வெளியே, யாழ்ப்பாணக் குடாநாட்டின் பருத்தித்துறையில் நாம் அன்றாடம் கண்டவற்றை எழுத விரும்புகிறேன்.

தும்பளைப் பக்கத்திலிருந்து நடந்து வந்த மாணவர்களுக்குத் தெருமூடி மடம் நன்கு பழகிய இடம். வீதியையே தன் கூரைக்குள் அடக்கிக்கொண்ட கட்டடம் அது. நடுவே வண்டியும் சைக்கிளும் போய்வர, இருமருங்கும் கல்தூண்களுக்கிடையே உள்ள திண்ணைகளில் வழிப்போக்கர் இளைப்பாறுவர். புரட்டாதியில் வல்லிபுர ஆழ்வார் கோயிலின் கடல் தீர்த்தத்துக்கு நடந்து போகும் அடியார்களும் வெயிலுக்கு அங்கே ஒதுங்கியதுண்டு.

ஆனால் என் மனதில் இன்னும் ஆழமாகப் பதிந்திருப்பவை, தலைச்சுமையை இறக்கிவைத்து இளைப்பாற வழியோரம் நாட்டிய சுமைதாங்கிகளே. மீன் விற்கப் போகும் பெண்கள் தலையில் கடகப் பெட்டியுடன் வந்து, சுமைதாங்கியின் மேற்கல்லோடு ஒட்டி நின்று, தலையைச் சற்றே சாய்த்து, எவருடைய கைத்துணையும் இன்றிப் பாரத்தை அதன்மேல் நகர்த்திவிடுவார்கள். பிறகு சும்மாட்டை அவிழ்த்துக் கழுத்து வியர்வையைத் துடைத்து, ஒரு வாய் வெற்றிலை போட்டுக்கொண்டு, மீண்டும் அதே உயரத்திலிருந்து கடகத்தைத் தலைக்கு எடுப்பார்கள். ஆண்டாண்டாகக் கடகங்கள் உரசியதில் அந்தக் கல்லின் விளிம்பு வழவழப்பாகியிருந்தது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக, அவள் இறக்கிவைக்காத பாரத்தை எண்ணி, உறவினர் சுமைதாங்கி நாட்டுவது நம்மவர் வழக்கமாக இருந்தது. ஒரு குடும்பத்தின் ஆறாத் துயரம் ஊர் பேர் தெரியாதவருக்கு ஆறுதலாக நின்றதை நினைக்கும்போது, கோபுரங்களைவிட இக்கற்களையே நம் மண்ணின் பெரிய மரபாகக் கருதுகிறேன். அருகே கால்நடைகளுக்கென்று தண்ணீர்த் தொட்டியும், தினவெடுத்த மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல்லும் இருந்தன. வாயில்லாச் சீவனின் தினவைக்கூட நினைத்துப் பார்த்தவர்கள் நம் முன்னோர்.

போரும் இடப்பெயர்வும் வீதி அகலிப்பும் இவற்றில் பலவற்றை அழித்துவிட்டன. எஞ்சியவற்றையாவது பதிவு செய்யும் பணியை நம் சங்கம் ஏற்க வேண்டும். விடுமுறையில் ஊர் செல்லும் அங்கத்தவர்கள் தத்தம் குறிச்சியிலுள்ள சுமைதாங்கி, கேணி, மடம் ஆகியவற்றைப் படமெடுத்து, கல்லில் எழுத்திருந்தால் அதையும் பார்த்தெழுதி, யார் நினைவாக நாட்டப்பட்டது என்பதை அங்குள்ள முதியவர்களிடம் கேட்டு அனுப்பினால், அவற்றைத் தொகுத்து நூலகம் நிறுவனத்தின் இணைய ஆவணகத்துக்குக் கையளிக்கலாம். எங்கள் ஒழுங்கையின் சுமைதாங்கி பற்றி என் நினைவிலுள்ளதை நான் எழுதத் தொடங்கிவிட்டேன்.