மூன்றாவது வோஷ்ரூம்

மார்ச் 24, 2025, திங்கள்

ரொறன்ரோவில் நான் இரவு வேலை செய்யும் வீடற்றோர் தங்குமிடத்தில் இப்போது வோஷ்ரூம் கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்கின்றன. உள்ளே ஆள் போதைமருந்து கூடி விழுந்து கதவோடு கிடந்தாலும் திறந்துவிடலாம். இதற்கு இரண்டு வருஷம் கெஞ்ச வேண்டியிருந்தது.

போதைமருந்து ஏற்றுகிறவர்களுக்குப் புது ஊசி கொடுக்கிறோம் என்று இன்று அம்மாவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "இதுக்கோ உன்னைப் படிப்பிச்சனான்?" ஒரே ஊசியைப் பலர் போட்டால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி என்று தொடங்கினேன். அம்மா கறியைக் கிளறப் போய்விட்டார்.

மார்ச் 27, வியாழன்

இரவு 2.40. மூன்றாவது வோஷ்ரூமைத் தட்டினேன், பதிலில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பிறகு திறப்பைப் போட்டேன்.

பெடியன் சுவரில் சாய்ந்திருந்தான். உதடு நீலம். தொண்டையில் குறட்டை மாதிரி ஒரு சத்தம். தெரியாதவர்கள் நித்திரை என்றே நினைப்பார்கள். ஃபென்ரனில் போன்ற ஓபியாயிட் போதைமருந்தை முறிக்கும் நலோக்சோன் ஸ்பிரேயை மூக்கில் 4 மில்லிகிராம் அடித்தேன். கூட நின்றவர் 911 எடுக்க, நான் ஐந்து வினாடிக்கு ஒரு மூச்சு ஊதினேன். மூன்று நிமிடத்தில் இரண்டாவது ஸ்பிரே.

மூச்சு வந்தது, ஆள் எழும்பவில்லை. ஃபென்ரனில் மட்டும் என்றால் திட்டிக்கொண்டாவது எழும்புவார்கள். இப்போது பென்சோ வகைத் தூக்கமருந்தும் கலந்து வருகிறது, அதற்கு நலோக்சோன் எடுபடாது. மூச்சு ஓடினால் போதும்; எழுப்பியே தீருவேன் என்று மேலும் மேலும் அடித்தால் வாந்தியும் நடுக்கமும் அவனுக்குத்தான். இதைப் புதிதாக வந்தவர்களுக்கு விளங்கவைப்பதுதான் கஷ்டம்.

அம்புலன்ஸ் வரும்வரை அவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 2, புதன்

இரண்டு தெரு தள்ளி, தாதிமார் பார்த்திருக்க ஊசி போடக்கூடிய இடம் இருந்தது. மூடிவிட்டார்கள். பள்ளிக்கூடம், பிள்ளை பராமரிப்பு நிலையம் இவற்றுக்கு 200 மீற்றருக்குள் அப்படி இடம் இருக்கக்கூடாது என்பது மாகாணத்தின் புதுச் சட்டம். பதிலாக வரும் மையங்களில் ஊசி மாற்றிக் கொடுக்கவும் முடியாதாம். "இனி உங்கட வோஷ்ரூம்தான்" என்று ஒரு வயதானவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்த கதவுகளை இனி 7 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், அதே இரண்டு பேர்.

பெடியன் வந்தான். நன்றி எல்லாம் இல்லை, சப்பாத்து எங்கே என்றுதான் கேட்டான். சிநேகிதனுக்கென்று ஒரு நலோக்சோன் பையும் வாங்கிக்கொண்டான். வலது சப்பாத்து பெட்டிக்குள் இருந்தது. இடதை இன்னும் தேடுகிறோம்.