தடைக்காலத்தில் பதினேழு பலகை

ஏப்ரல் 14, 2025, திங்கள்

புத்தாண்டு. கடை அரை நாள்தான். ஷட்டரை இறக்கிவிட்டு டீக்கடையில் போய் நின்றேன். மாஸ்டர் கேட்டார்: "இன்னாமா, சித்திரையே பொறந்துடுச்சி, போர்டுல இன்னும் பொங்கல் வாழ்த்தே கீது?"

படிப்பகத்துச் சுவரில் இருக்கும் கரும்பலகையைச் சொல்கிறார். நாலடிக்கு மூன்றடி. முன்பு பெரியவர் ஒருவர் தினம் ஒரு குறள் எழுதிக்கொண்டிருந்தார். அவருக்குக் கண் மங்கியதும் சாக்பீஸ் டப்பா என் கைக்கு வந்தது. "செல்போன் ரிப்பேர் பாக்குறவ, டெக்னாலஜி பத்தி நாலு வார்த்தை எழுதும்மா" என்றார். ஜனவரி முதல் வாரத்தில் ஆரம்பித்தேன். புது போனில் என்ன சிப், எத்தனை மெகாபிக்சல் என்று இரண்டு முறை எழுதினேன். ஒருவரும் நின்று படிக்கவில்லை. அப்புறம் பொங்கல் வாழ்த்து. அதோடு சரி.

நாளை முதல் மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகெல்லாம் காசிமேட்டில் கட்டிக் கிடக்கும். ஆட்கள் கரையில் இருப்பார்கள், உப்பு ஏறிய போனெல்லாம் என் மேஜைக்கு வரும். இந்த 61 நாளாவது விடாமல் எழுதிப் பார்த்தால் என்ன? திங்களும் வியாழனும். காலண்டரில் எண்ணினேன், பதினேழு பலகை வருகிறது. மாஸ்டரிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் கிளாஸ் கழுவினார்.

ஏப்ரல் 17, வியாழன்

முதல் பலகை, அரிசி.

நேற்று ஒருவர் கடல் தண்ணீரில் விழுந்த போனை மூன்று நாள் அரிசி டப்பாவில் வைத்திருந்து எடுத்து வந்தார். பின்மூடியைக் கழற்றினால் சார்ஜிங் போர்டு முழுக்கப் பச்சை பூத்திருக்கிறது. சார்ஜர் குத்தும் ஓட்டைக்குள் ஒரு நொய் சிக்கி, ஊறி, ஒட்டிக் காய்ந்து கிடந்தது. ட்வீசரால் அதைச் சுரண்டி எடுக்கவே பத்து நிமிடம். அரிசி போனுக்குள் இருக்கும் ஈரத்தை இழுப்பதில்லை. இழுத்தாலும் உப்பு உள்ளேயேதான் இருக்கும், செம்பைத் தின்றுகொண்டே இருக்கும்.

இதைத்தான் எழுதினேன். உடனே ஆஃப் செய், சார்ஜ் போட்டுப் பார்க்காதே, அன்றைக்கே கழற்றிச் சுத்தம் செய்யக் கொடு. எட்டு வரி. தெருவில் நின்று படிக்கிற மாதிரி எழுத்து பெரிதாக இருக்க வேண்டுமென்றால் அந்தப் பலகையில் எட்டு வரிதான் பிடிக்கும், வரிக்கு ஐந்து சொல். டீ ஆறுவதற்குள் படித்து முடித்துவிடலாம். ஜனவரியில் பதினாறு வரி எழுதியிருந்தேன் என்று இப்போதுதான் உறைக்கிறது.

நான்கு பேர் நின்று படித்தார்கள். கடைக்குள் இருந்தே எண்ணினேன்.

ஏப்ரல் 24, வியாழன்

இன்று செயற்கை நுண்ணறிவு. இரண்டு நாள் யோசித்து, வரி வரியாகச் செதுக்கி, கலர் சாக்பீஸ் எல்லாம் போட்டு எழுதினேன். எனக்கே பெருமையாக இருந்தது. படித்தவர்கள் யாரும் இல்லை. ஒரு ஆடு கொஞ்ச நேரம் நின்றது.

சாயங்காலம் மீன் விற்கிற அக்கா ஒருவர் வந்தார். தடைக்காலத்திலும் நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வருகிறது. பணம் வாங்குகிற க்யூஆர் அட்டையை மேஜையில் வைத்தார். ஓரம் கிழிந்து, மீன் தண்ணீர் பட்டு ஒரு பக்கம் வெளுத்திருந்தது. "இது இன்னும் ஓடுது தங்கச்சி. பாதி அழிஞ்சிக் கூட எப்டி ஓடுது? ஒரு நாளு திடீர்னு நின்னுடுமா?"

நான் எதை எழுதலாம் என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கேள்வி அவர் கூடையோடு தினம் என் கடையைத் தாண்டிப் போயிருக்கிறது.

ஒரு நாற்பது பக்க நோட்டை மேஜையில் கயிறு கட்டி வைத்துவிட்டேன். யார் எது கேட்டாலும் அதில் எழுதுவது. முதல் கேள்வி அக்காவுடையது.

ஏப்ரல் 28, திங்கள்

க்யூஆர் பலகை. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதி வைக்கிறேன்.

1994-இல் ஜப்பானில் டென்சோ என்ற கம்பெனியில் மசாஹிரோ ஹரா என்ற பொறியாளரின் குழு உண்டாக்கியது இது. கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்கத்தான் வந்தது. மூன்று மூலையிலும் இருக்கும் கட்டங்கள் அட்டை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கேமராவுக்குக் காட்டும். அந்தக் கட்டத்தின் நடுவே எந்தத் திசையில் கோடு போட்டாலும் கறுப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற அளவில் வரும். அச்சடித்த தாள்களில் அவ்வளவாகக் காணக் கிடைக்காத அளவு எது என்று தேடித்தான் இதைப் பிடித்தார்களாம். அதனால்தான் நோட்டீஸ், விலைப்பட்டியல், விபூதி பாக்கெட் என்று ஆயிரம் எழுத்துக்கு நடுவே ஒட்டியிருந்தாலும் கேமரா சட்டென்று கண்டுபிடித்துவிடுகிறது. அழிந்தாலும் ஓடுவதற்குக் காரணம், ஒரே தகவலை மீட்டெடுக்கக் கூடுதல் கட்டங்களைச் சேர்த்தே அச்சடிப்பது. அப்படிச் சேர்த்த அளவைப் பொறுத்து 7 முதல் 30 சதவீதம் வரை கெட்டாலும் படித்துவிடும்.

எட்டு வரியில் இதெல்லாம் அடங்குமா? அடங்கவில்லை. அதனால் ஒரு வேலை செய்தேன். சாதாரண க்யூஆரில் மிகச் சிறியது 21-க்கு 21 கட்டம். அதைப் பலகையிலேயே வரைவது. ஏழாவது படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் ஸ்கேல் பிடித்தான். 'வாங்க' என்ற ஒரு சொல்லைப் போட்டேன். தமிழில் எழுத்து, கால், புள்ளி என்று ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் ஆகிறது (பைட் என்பது தகவலை அளக்கும் அலகு), இந்தச் சின்னதில் பதினேழு பைட்தான் பிடிக்கும், 'வாங்க'வுக்குப் பதினைந்து. வணக்கம் போட இடம் பத்தவில்லை.

இரண்டு மணி நேரம் வரைந்து முடித்து போனைக் காட்டினால் படிக்கவில்லை. பையன் போன் (அவன் அம்மா போன்) படித்தது. என்னுடையது முடியாது என்றது. பத்து நிமிடம் விழித்த பிறகுதான் புரிந்தது. கறுப்பாக இருக்க வேண்டிய கட்டத்தையெல்லாம் நான் வெள்ளை சாக்பீஸால் அடைத்திருக்கிறேன். நெகட்டிவ் பிலிம் மாதிரி தலைகீழ். சில போன்களுக்கு அது பிடிபடும், சிலவற்றுக்குப் பிடிபடாது. எல்லாவற்றையும் துடைத்து, மிச்சக் கட்டங்களை வெள்ளையாக்கி, சுற்றிலும் வெள்ளை விளிம்பு விட்டு மறுபடி வரைந்தோம். ஒரு பெட்டி சாக்பீஸ் காலி.

ராத்திரி ஒன்பது மணிக்குக்கூடப் பலகை முன்னால் போன் வெளிச்சம். ஒருத்தர் ஒரு கட்டத்தை விரலால் அழித்துவிட்டுக் காட்டுகிறார், படிக்கிறது. இன்னொரு கட்டத்தை அழிக்கிறார், இன்னும் படிக்கிறது. அடுத்ததை அழித்தபோது நின்றுவிட்டது. ஒரே சிரிப்பு. என் எட்டு வரி சொல்லியிருக்க முடியாததை அந்த விரல் சொல்லிவிட்டது.

மே 1, வியாழன்

மே தினம். பலகையை படிப்பகத்துக்காரர்களே எடுத்துக்கொண்டார்கள். பதினேழில் ஒன்று போயிற்று. பலகை அவர்களுடையது, கேட்க முடியாது.

மே 5, திங்கள்

நோட்டில் ஒரு கேள்வி: "கடல்ல டவரு இல்ல, நெட்டு இல்ல. ஜிபிஎஸ் மட்டும் எப்டி வேலை செய்து?"

உற்சாகமாக எழுதினேன். முதல் வரி: 'உங்கள் போன் செயற்கைக்கோளோடு பேசுகிறது.'

விசைப்படகு டிரைவர் ஒருவர் சாயங்காலம் கடைக்கு வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். "யம்மா, பேசுதுனு போட்டுகிற. அது பேசாது. கேட்டுகினு மட்டும்தான் இருக்கும். ரேடியோப் பொட்டி திருப்பிப் பேசுமா?"

அவர் சொன்னதுதான் சரி. எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. வரி அழகாக வருகிறதே என்று எழுதிவிட்டேன். அந்த அழகுதான் காலை வாரியது.

மே 8, வியாழன்

பழைய வரியை அழிக்கவில்லை. நடுவில் கோடு போட்டுவிட்டு, கீழே 'தவறு. போன் பேசாது, கேட்கும். திருத்தியவர் ஒரு டிரைவர் அண்ணன்' என்று எழுதினேன். இதுவரை எந்தப் பலகைக்கும் இவ்வளவு கூட்டம் வந்ததில்லை. யார் அந்த டிரைவர் என்று ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை, டீ மட்டும் இரண்டாகக் குடித்தார்.

மிச்ச இடத்தில் விளக்கம். செயற்கைக்கோள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருந்து 'இப்போது மணி இவ்வளவு' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சிக்னல் வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்து போன் தூரத்தைக் கணக்குப் போடுகிறது. மூன்று கோள் இருந்தால் இடம் தெரிந்துவிடும். ஆனாலும் நாலாவது ஒன்று வேண்டும், ஏனென்றால் போனில் இருக்கும் கடிகாரம் அவ்வளவு சுத்தமில்லை. ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்து அதில் ஒரு பங்கு பிசகினால் 300 மீட்டர் தள்ளிப்போகும்.

"முந்நூறு மீட்டரா? வலை விட்ட எடமே மாறிப்பூடும்" என்று யாரோ சொன்னது கடைக்குள் கேட்டது.

மே 18, ஞாயிறு

அக்னி நட்சத்திரம். மேஜை விசிறி சூட்டைத்தான் அள்ளிக் கொட்டுகிறது. எழுத மனமே இல்லை. போன திங்கட்கிழமையும் இப்படித்தான் இருந்தது, காலை ஏழு மணிக்கு வெறும் பலகை முன்னால் நின்று முழித்தேன். அதனால் இன்று மூன்று பலகைக்கு உண்டானதை ஒரே உட்காரலில் துண்டுத் தாள்களில் எழுதி உதிரி டிஸ்ப்ளே பெட்டியில் போட்டு வைத்தேன். கருவாடு மாதிரி. மீன் இல்லாத நாளைக்கு ஆகும்.

நோட்டில் இப்போது இருபத்தாறு கேள்வி. இரண்டு கேள்வி எனக்கே விடை தெரியாது. அவற்றை ஓரமாகப் பென்சிலால் குறித்திருக்கிறேன்.

மே 26, திங்கள்

பெட்டியில் இருந்த துண்டுத் தாளை இன்று எடுக்கவில்லை.

காலையில் இட்லிக் கடை ஆயா வந்தார். யாரோ போன் செய்து, மானியப் பணம் வந்திருக்கிறது, அனுப்பும் க்யூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடு என்றிருக்கிறான். பேரன் போட்டிருக்கிறான். 9,400 ரூபாய் போய்விட்டது. சனிக்கிழமை நடந்தது. வெளியே சொல்ல வெட்கப்பட்டு இரண்டு நாள் சும்மா இருந்திருக்கிறார். சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு என் போனிலிருந்தே அடித்துப் புகார் பதிந்தோம். உடனே அடித்திருந்தால் பணம் கை மாறுவதற்குள் நிறுத்த வாய்ப்பு இருந்திருக்கும். வங்கிக் கிளைக்குப் போனவரை "நீங்கதான பின் போட்டீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அது உண்மைதான். அதைச் சொன்ன விதம்தான் ஆயாவை அழவைத்தது.

பலகையில் மூன்றே வரி, ஒவ்வொரு எழுத்தும் பெரிது பெரிதாக:

பணம் வர பின் நம்பர் வேண்டாம்.
பின் கேட்டால் உன் பணம் போகிறது.
போய்விட்டால் உடனே 1930.

ஆயா பெயரைப் போடவில்லை. பத்து மணிக்கு அவரே வந்து எதிரில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

மே 29, வியாழன்

முறைப்படி இன்று மாற்ற வேண்டும். சாக்பீஸை எடுத்துப் போய், அழிக்க மனமில்லாமல் திரும்பி வந்தேன். மாஸ்டர், "இன்னா, இன்னைக்கு லீவா?" என்றார். லீவு இல்லை, இது இன்னும் நாலு நாள் இருக்கட்டும் என்றேன். பொங்கல் வாழ்த்து மூன்று மாதம் கிடந்ததும் இதுவும் ஒன்றா? எனக்கு வித்தியாசம் தெரிகிறது. அவருக்குத் தெரிந்ததா தெரியவில்லை.

ஜூன் 5, வியாழன்

உப்பிய பேட்டரி. குத்தாதே, அழுத்தாதே, குப்பையில் போடாதே. டப்பாவிலிருந்து எடுத்த கருவாடுதான், நன்றாகவே போயிற்று.

ஜூன் 12, வியாழன்

துறைமுகத்தில் ஐஸ் அரைக்கும் சத்தம் ஆரம்பித்துவிட்டது. டீசல் கேன், வலை, பெயின்ட் வாசனை. தெருவில் ஆண்கள் யாரும் நிற்பதில்லை. பதினேழில் பதினைந்து எழுதியாயிற்று. இன்றைய பலகை கடைசி, ஜிபிஎஸ்ஸுக்கு நெட் வேண்டாம், ஆனால் மேப்புக்கு வேண்டும், அதனால் கரையிலேயே டவுன்லோட் செய்துகொள் என்று.

டிரைவர் அண்ணன் அதைப் போட்டோ எடுத்தார். "உள்ள போனா பத்து நாளாவும். நான் வர்றதுக்குள்ள இன்னா எழுதினியோ, எடுத்து வெய்யி."

இவர்கள் போன பிறகு யாருக்கு எழுதுவது என்று அப்போது யோசித்தது நிஜம். தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நின்ற மீன்கார அக்கா கேட்டேவிட்டார்: "இன்னா தங்கச்சி, நாங்க படிக்கலனு நெனச்சிகினியா? அந்த ஆம்பளைங்க டீ கிளாஸ வச்சிகினு மறைச்சிகினு நின்னா எங்களுக்கு எப்டித் தெரியும்? குடத்த தூக்கிகினு எட்டி எட்டிப் பாத்துகினு இருந்தோம். போர்ட இந்தாண்ட மாட்டு."

ஜூன் 16, திங்கள்

படகெல்லாம் போய்விட்டன. படிப்பகத்துப் பெரியவரைக் கேட்டு, பலகையைச் சின்டெக்ஸ் டேங்க் பக்கச் சுவருக்கு மாற்றினோம். மாஸ்டரே ஆணி அடித்தார். டீக்கடைக்கு இனி அது தெரியாது, கொஞ்சம் முணுமுணுத்தார்.

நோட்டில் பெண்கள் எழுதியது எத்தனை என்று திருப்பிப் பார்த்தேன். நாற்பத்தொன்றில் பதினான்கு. அதில் ஒன்று: "இண்டக்ஷன் அடுப்பில் எவர்சில்வர் சட்டி ஒன்று காய்கிறது, இன்னொன்று காயவில்லை, ஏன்?"

அடுப்புக்குள் இருக்கும் செம்புச் சுருள் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அது சட்டியின் அடியில் மின்சாரத்தைச் சுழலவிட்டு, சட்டியையே சூடாக்குகிறது. காந்தம் ஒட்டுகிற அடிப்பாகம் இருந்தால்தான் இது சரியாக நடக்கும். எவர்சில்வரில் ஒட்டுகிற ரகமும் உண்டு, ஒட்டாத ரகமும் உண்டு. அலுமினியம் அந்த அடுப்பில் காயாது. எழுதி முடித்துவிட்டு, ஓட்டை ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து காந்தத்தைப் பிடுங்கி டேங்க் மேல் வைத்தேன், வேண்டியவர்கள் ஒட்டிப் பார்க்கட்டும் என்று.

மத்தியானம் வரை தெரு முழுக்கச் சட்டிச் சத்தம். காந்தம் மூன்றாவது சந்து வரை போயிருப்பதாகப் பையன் சொன்னான். ராத்திரி கடை மூடும் வரை திரும்பி வரவில்லை.